ரோடல் பெயரில் ஒரு கணக்கு

இனிமேல் காசோலையே கிடையாது, சப்ளையர்களுக்கு எல்லாப் பணமும் நேராக வங்கிக் கணக்குக்கு என்று அரசாங்க உத்தரவு வந்ததும் துள்ளிக் குதித்தவன் ஆஸ்பத்திரி காசாளர் அலுவலகக் குமாஸ்தாவான நான்தான். முப்பத்தெட்டு பேர் விவரத்தையும் இரண்டே நாளில் கணினியில் ஏற்றிவிட்டேன். மிண்டா அக்காவை மட்டும் கேட்கவில்லை. பழைய கோப்பிலேயே ஒரு கணக்கு எண் இருந்தது. அடுப்பை விட்டுவிட்டு அவள் எதற்கு அலைய வேண்டும் என்று நினைத்தேன்.

மிண்டா அக்கா எங்கள் ஆஸ்பத்திரிக்கு ரொட்டி போடுகிறவள். பேக்கரி உரிமம் புருஷன் ரோடல் பெயரில். அவன் செபு தீவுக்கு வேலைக்குப் போய் நான்கு வருடம். மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, 'காசோலையை என் மனைவியிடம் கொடுக்கவும்' என்று அவன் எழுதிய மாதிரி ஒரு கடிதத்தை எங்கள் ஜன்னலில் நீட்டுவாள். கையெழுத்து அவளே போட்டது. காசாளர் நெனித்தா மேடத்துக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"உன் புருஷன் கையெழுத்து வரவர அழகாயிட்டே போகுதுடி."

"செபு தண்ணி அப்படி, மேடம்."

சிரித்துக்கொண்டே காசோலையைக் கொடுத்துவிடுவோம். அதன் பின்னாலும் அவன் கையெழுத்தை அவளே போட்டு மாவுக்கடையில் கொடுப்பாள். கடைக்காரர் மாவும் மிச்சப் பணமும் தருவார்.

இந்த வெள்ளிக்கிழமையும் வந்தாள்.

"இனிமே வரிசையே இல்லக்கா! நாப்பத்தாறாயிரம் பேசோ, நேத்தே கணக்குல விழுந்திருச்சு!"

"எந்தக் கணக்குடா?"

திரையைத் திருப்பிக் காட்டினேன். அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கே உறைத்தது.

"பாவி, அது அவன் பேர்ல இருக்கற கணக்குடா, ஏடிஎம் கார்டும் அவன்கிட்டதான் இருக்கு. திங்கக்கிழமை மாவுக்காரருக்குக் குடுக்கலைன்னா என் அடுப்பு எரியாதுடா."

"திரும்ப எடுக்கலாமா மேடம்?"

நெனித்தா உதட்டைப் பிதுக்கினாள். "அவனே குடுத்தாத்தான் உண்டு. கூப்பிட்டுக் கேளுடி, புருஷன்தானே."

இத்தனை வருடத்தில் அவள் அவனைக் கூப்பிட்டதே இல்லை. அவனாகக் கூப்பிடுவான், அவனாக வருவான் என்றிருந்தாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எண்ணை அழுத்தினாள். அவசரத்தில் விரல் பட்டு ஸ்பீக்கரும் ஆன் ஆகிவிட்டது.

எடுத்தது ஒரு குழந்தை.

"அப்பா குளிக்கிறாங்க. இன்னிக்கு எனக்குப் புது சைக்கிள் வாங்கப் போறோமே! நீங்க யாரு?"

அக்கா போனை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். "உனக்கு எத்தன வயசு, கண்ணு?"

"அஞ்சு முடிஞ்சிருச்சு."

ரோடல் செபுவுக்குப் போய் நான்கு வருடம்தான்.

"தப்பான நம்பர் போட்டுட்டேன், கண்ணு," என்று போனை அணைத்தாள்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் பக்கம் திருப்பியிருந்த திரையை நான் என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.