மீதி நாற்பத்தொரு மணிகள்

1

இன்று காலை ஆறரைக்கு என் தங்கை போனில் அழுதாள். கதை அங்கேதான் பிறந்தது. "அழுததை எழுதாதே" என்றாள். எழுதிவிட்டேன்.

எட்டு மணிக்குள் யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். எனக்கு எழுதினால்தான் யோசனை வரும். குடும்பக் காதல் கதைகள் எழுதுபவள், கை பழக்கத்துக்குப் போய்விட்டது:

'ஜன்னலுக்கு வெளியே மழை. உள்ளே அவன் கண்மூடி…'

மழையெல்லாம் பெய்யவில்லை.

2

தங்கையின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். மூன்று மாதம் முன்பு, ஒன்பதாவது மாடி உயரத்தில், லிஃப்ட் கூண்டின் கூரைமேல் நின்று வேலை செய்துகொண்டிருந்தார். கூண்டு இரண்டடி நழுவி நின்றது. உடம்பில் கீறல்கூட இல்லை. ஆனால் அன்றிலிருந்து கூரைமேல் கால் வைத்தாலே முழங்கால் நடுங்குகிறது. கம்பெனி பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு தேதி சொன்னது: அன்று ஏறாவிட்டால் இனி கிடங்கு வேலைதான். அந்தத் தேதி இன்று.

யோகா ஆசிரியர் வழி சொன்னார். பயம் மூலாதாரச் சக்கரத்தில் இருக்கிறது. முதுகெலும்பின் அடி, மண்ணின் இடம். விடியலில் தரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, அங்கே நான்கிதழ்ச் சிவப்புத் தாமரையை நினைத்து, ஜபமாலை உருட்டி 'லம்' என்று நூற்றெட்டு முறை. நாற்பத்தெட்டு நாள். ஒரு நாள் தவறினாலும் முதலிலிருந்து.

(மற்ற சக்கரங்களையும் விளக்கி ஒரு பக்கம் எழுதினேன். ஆறாவது சக்கரத்தில் நானே தூங்கப் பார்த்தேன். அடித்துவிட்டேன்.)

3

மாப்பிள்ளை இன்னும் எனக்குக் கதாபாத்திரமாகப் பிடிபடவில்லை. ஒரு போல்ட்டை மூன்று தடவை திருகிப் பார்க்கிற ஆள். அவர் மந்திரம் சொல்வார் என்று நானாக எழுதியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். தங்கையும் முதலில் கிண்டல்தான் செய்தாள்.

"லம் லம்னு சொன்னா லிஃப்ட் நிக்குமாங்க?"

"லிஃப்ட் நிக்கும்டி. நான் நிக்கணும்ல."

பத்தொன்பதாம் நாள், முந்தைய இரவு வேலையின் அசதியில், உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். கட்டைவிரல் ஒரு மணியின்மேல் அப்படியே இருந்தது. சமையலறையிலிருந்து தினமும் கேட்டுக் கேட்டு அவளுக்கும் எண்ணுவது பழகியிருந்தது. அறுபத்தேழு. மாலையை மெதுவாக உருவினாள், பக்கத்தில் உட்கார்ந்தாள், மீதி நாற்பத்தொன்றையும் அவளே சொன்னாள். அவருக்கு டிபன் பாக்ஸ் கட்டிக்கொடுப்பது போல.

கண் விழித்தவர் கேட்டார். "முடிச்சிட்டேனா?"

"முடிச்சிட்டீங்க."

4

இன்று நாற்பத்தெட்டு. முடிவுகள் மூன்று எழுதிப் பார்த்தேன்.

அ. அன்று மீதியைத் தான் சொன்னதை அவரிடம் சொல்லிவிடுகிறாள். அவர் திட்டவில்லை. மறுநாள் விடியலில் ஒன்றிலிருந்து தொடங்குகிறார். எட்டு மணிக்குக் கிடங்குக்குப் போகிறார்.

ஆ. சொல்லவில்லை. மேலே அவர் ஆடாமல் நிற்கிறார். அவர் வீடு திரும்பும்வரை தினமும் இவளுக்குக் கால் நடுங்குகிறது. அல்லது, மேலே ஏறிய பிறகு அவருக்கு… (இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.)

இ. அவருக்கு அன்றே தெரியும். அவள் குரலில் விழித்து, கண்ணைத் திறக்காமல் நாற்பத்தொன்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். என் வாசகிகள் உருகிவிடுவார்கள். நானே உருகினேன். அதனால்தான் இதை நம்பப் பயம்.

5

எட்டாகப் பத்து நிமிடம். போன் போட்டு மூன்றையும் அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

"மூணாவதை வச்சு நீ புக்கு போட்டுக்கக்கா. நான் இப்ப சொல்லணுமா, வேணாமா?"

பின்னால் அவர் குரல். "யாரு, அக்காவா? இன்னைக்கு மேல ஏறுறேன்னு சொல்லு! ஒரு நாள், ஒரு மணி விடலைன்னு சொல்லு!"

"வாழ்த்துகள் மாப்பிள்ளை" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. இப்போது அந்தப் பொய்யில் எனக்கும் ஒரு பங்கு.

"அக்கா, இருக்கியா?"

இருக்கிறேன். இவ்வளவு தூரம் கேட்டுவிட்டீர்கள், இனி நீங்களும் லைனில்தான் இருக்கிறீர்கள். அவளுக்கு ஒரே ஒரு வார்த்தை போதும். எனக்கு வரவில்லை, நீங்கள் சொல்லுங்கள். அவர் ஒரு ஷூவை மாட்டி முடித்துவிட்டார்.