உப்பில் புதைத்த போன்

உப்புக்குள் கை விட்டுத் துழாவுகிறேன், முழங்கை வரை வெள்ளை, விரல் வெடிப்பெல்லாம் எரிகிறது, இரண்டு நாள் ஆயிற்று, ஈரம் போயிருக்கும், எடுத்து அமுக்கினால் வெளிச்சம் வரும், கடைசியாக வந்த நம்பர் மேலேயே நிற்கும், என் மகள் முத்துக்கனியின் நம்பர், பச்சைப் பொத்தானை அமுக்கினால் போதும், குறித்துவைக்க எனக்கு எழுத்து வராது, யாரையும் எழுதித் தரச் சொல்லவும் முடியாது, ஒருத்தி காதுக்குப் போனால் என் வீட்டுக்காரர் காதுக்கும் போய்விடும், வேறு சாதிப் பையனோடு போனவள் பெயரை இந்த வீட்டில் எடுத்தால் வெட்டுவேன் என்றவர், ஒன்றரை வருடம் கழித்து அவள் கூப்பிட்ட சாயங்காலம் அவர் என் பக்கத்தில்தான் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார், யம்மா, நாந்தான், என்றாள், பின்னால் ஒரு கைப்பிள்ளை அழுதது, ராங் நம்பர், என்று சொல்லி வைத்துவிட்டேன், யாருட்டி, என்றார், எவளோ, என்றேன்.

மறுநாள் உப்பளத்தில், பாத்தி நடுவில், அவளைக் கூப்பிட, மடியில் பாலிதீன் பையில் சுற்றி வைத்திருந்ததைப் பிரிக்கிறேன், உப்பு வாரிய கை, வழுக்கிவிட்டது, கணுக்கால் அளவு உப்புத்தண்ணீரில் போன் கிடக்கிறது, கூட வாரிக்கொண்டிருந்த பேச்சித்தாய் மைனி ஓடிவந்து, ஏட்டி, அரிசிக்குள்ள போடு, ஈரத்த இழுத்துரும், என்கிறாள், அரிசிக்கு எங்கே போக, உப்புதான் மலைமலையாகக் குவிந்திருக்கிறது, உப்பு இழுக்காத ஈரமா, மீனில் இழுக்கும், மாங்காயில் இழுக்கும், என் பாதத்தில் இருபது வருடமாக இழுத்துத் தோலை மரக்கட்டையாக்கி வைத்திருக்கிறது, கொட்டகைப் பானையில் உப்பை நிரப்பிப் புதைத்தேன்.

ரிப்பேர் கடைத் தம்பி மூடியைக் கழற்றுகிறான், உள்ளே பச்சை பூத்திருக்கிறது, என்னக்கா, போனக் கருவாடா போட்டிய, என்று சிரிக்கிறான், தண்ணில விழுந்தா மொதல்ல பேட்டரியக் கழத்தணும்க்கா, உப்புத்தண்ணின்னா உடனே எங்கிட்டக் கொண்டாரணும், இப்பம் உப்பு எல்லாத்தையும் தின்னுட்டு, சிம் மட்டும் பொழச்சிக் கெடக்கு, வேற போன்ல போட்டுத் தாரேன், என்கிறான், அதுல வந்த நம்பரு, என்றேன், அது சிம்முல ஏறலக்கா, போனோட போச்சு, பேசுனவிய திரும்பக் கூப்பிடாமலா போயிருவாவ, என்கிறான், ராங் நம்பர் என்று சொன்ன தாயை எந்த மகள் திரும்பக் கூப்பிடுவாள், அவனிடம் எப்படிச் சொல்ல.

எட்டு மாதமாகிறது, அந்த சிம் போட்ட இந்தப் போனைத் தினமும் துடைக்கிறேன், சார்ஜ் குறையவிடுவதில்லை, பைக்குள் பை போட்டு மடியில் கட்டுகிறேன், அழுதது பேரனா பேத்தியா தெரியாது, பிள்ளை இப்போது நடக்கும், பாத்தியில் நிற்கும்போது ஒலிக்கிறது, பதறிப் பிரிக்கிறேன், பதிவு செய்த பெண்குரல், ஒன்றை அமுக்கவும், இரண்டை அமுக்கவும், கம்பெனிக்காரிதானட்டி, வச்சிட்டு வேலையப் பாரு, கங்காணி பாக்கான், என்று மைனி கத்துகிறாள், வைக்க மாட்டேன், முழங்கை வரை உப்பு காய்ந்த கையோடு காதில் அழுத்திப் பிடித்து நிற்கிறேன், அவளே வைக்கட்டும்.