கொக்கி முத்து

எங்கள் நகை மாளிகைக்கு நூறு வயது. கீழ்த்தளத்தில் கண்காட்சி வைத்திருந்தார்கள். நடுக் கண்ணாடிப் பெட்டியில் அறுபத்திரண்டு முத்துகள் கொண்ட மாலை. நிறுவனர் தன் மனைவிக்காகச் செய்தது என்று வழிகாட்டிப் பெண் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தாள். கூட்டத்துக்கு அதில் அக்கறையில்லை. "திருடுபோன முத்து எது?" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். நூறு வருடத்தில் இங்கே நடந்த ஒரே திருட்டு அது, ஒன்பதே நாளில் முத்தை மீட்டுவிட்டோம் என்று பலகையில் எழுதியிருந்தது. திருடியவள் என் அக்காவாம்.

அக்காவும் நானும் மேல்மாடியில் முத்துக் கோப்பவர்கள். பட்டு நூல் சில வருடத்தில் இற்றுப்போகும். பிரித்து, முத்துக்கு முத்து நடுவில் முடிச்சுப் போட்டு மறுபடி கோக்க வேண்டும். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் இந்த மாலை அக்கா கைக்கு வந்தது. கொக்கி தளர்ந்திருந்தது, நான்தான் கழற்றிப் பொற்கொல்லருக்கு அனுப்பினேன். அக்கா கோத்து முடித்ததும் மேற்பார்வையாளர் எண்ணினார். அறுபத்தொன்று.

அன்றே அக்காவை விரட்டினார்கள். அதில் நான் செய்த காரியத்தைச் சொல்ல இன்னும் வாய் வரவில்லை, பிறகு சொல்கிறேன். வீட்டுக்குப் போனவளை அம்மா உள்ளே விடவில்லை. "திருடிக்கு இங்க இடமில்ல" என்று கதவைச் சாத்தினாள். இருபத்தோராம் நாள் அக்காவை ஆற்றிலிருந்து எடுத்தார்கள். மாலை அதன்பின் இந்தக் கண்காட்சிவரை பெட்டகத்தை விட்டு வெளியே வரவில்லை.

பெட்டிக்குள் அழகுக்காக அந்த வருடத்துப் பதிவு நோட்டையும் விரித்து வைத்திருந்தார்கள். நான் அதைப் படித்தேன். 'கொக்கி திரும்பியது. அறுபத்திரண்டு. சரி.' கீழே பெரிய முதலாளியின் கையெழுத்து. தேதி, அக்காவை விரட்டிய ஒன்பதாம் நாள்.

கொக்கியின் நடுவிலும் ஒரு முத்து உண்டு. நாங்கள் அதை எண்ணுவதே இல்லை. உலோகத்தில் பதித்தது பொற்கொல்லர் பாடு, நூலில் ஏறியது எங்கள் பாடு. மாளிகை அதையும் சேர்த்துத்தான் எண்ணியிருக்கிறது. ஒன்பதாம் நாளே தெரிந்திருக்கிறது. அப்போது அக்கா உயிரோடு இருந்தாள். பாவிகள் வாயைத் திறக்கவில்லை.

சின்ன முதலாளியைக் கூட்டி வந்து காட்டினேன். பெரியவரின் மகன், இப்போது எல்லாம் அவர்தான்.

"சார், எங்க அக்கா எதையும் எடுக்கல. உங்க நோட்டே சொல்லுது. அந்தப் பலகையை எடுத்துடுங்க."

பெட்டியைத் திறக்கச் சொல்லி இரண்டு முறை படித்தார். முகம் கறுத்தது, பிறகு தெளிந்துவிட்டது.

"கூட்டத்தைப் பாத்தீங்கல்ல? முத்தைப் பாக்கவா வர்றாங்க? அந்தக் கதைக்குத்தான் வர்றாங்க. அவங்க பேரக்கூட நாங்க போடலையே."

"போட்டிருந்தாத் தேவல சார். இங்க உழைச்சவங்கள்ல ஒருத்தி பேராவது இருந்திருக்கும்."

அவர் நோட்டில் முந்தைய பக்கத்தைப் புரட்டி என் பக்கம் திருப்பினார்.

"சாட்சி யாருன்னு பாருங்க."

பார்க்கத் தேவையில்லை. 'ஒரு முத்தைக் கைக்குட்டையில் முடிந்ததைக் கண்டேன்' என்று அவர்கள் எழுதினார்கள். நான் எதையும் காணவில்லை. "ரெண்டு பேரும் போறீங்களா, ஒருத்தி மட்டுமா?" என்றார் மேற்பார்வையாளர். கையெழுத்துப் போட்டேன். வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே என்று இத்தனை காலம் சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொய். பயந்தேன், அவ்வளவுதான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

வீட்டுக்குப் போனபோது அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். கொக்கியையும் நோட்டையும் பற்றிச் சொன்னேன். கை நின்றது.

"வாசல்ல நின்னு தண்ணி கேட்டா. அதக்கூட நான் குடுக்கல" என்றாள். துணியைத் தள்ளிவைத்துவிட்டு, "யாரோ கண்ணால பாத்ததாச் சொன்னாங்களேடி. அத நம்பித்தானே சாத்தினேன். யாருடி அது?" என்று கேட்டாள்.

"நான்தாம்மா."

அம்மா எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். நான் வெளியே போகும்வரை அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.