ஊசியின் தட்டைப் பக்கம்

முன்னறை ஜன்னலோரம் இருந்த தையல் மெஷின் திங்கட்கிழமை காலை படுத்துவிட்டது. பெடலை மிதித்ததும் உள்ளே ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டு, சக்கரம் பாதியில் நின்றது. தையல் விழ வேண்டிய இடத்தில் நூல் கொத்தாகச் சுருண்டு கிடந்தது. டெய்லரம்மா குனிந்து பார்த்தாள். ஊசியின் தட்டைப் பக்கம் எதிர்ப்புறம் திரும்பியிருந்தது.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊசியின் மேல்முனையில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். அது எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதைத் தையல் வகுப்பில் முதல் நாளே மண்டையில் ஏற்றிவிடுவார்கள். கரண்ட் போன நேரத்தில்கூடத் தடவிப் பார்த்தே சரியாக மாட்டுகிறவள் அவள். அவளா இப்படி மாட்டினாள்? அவளைத் தவிர அந்த மெஷினை யார் தொடப்போகிறார்கள்? அப்படியென்றால் அவள்தான்.

“எண்ணெய் விட்டாத்தானே ஓடும்?” என்றார் கணவர். வாடகை வேன் ஓட்டுகிறவர். வண்டியைப் பற்றிச் சொல்லும் தோரணையிலேயே எல்லாவற்றையும் பற்றிச் சொல்வார். “ஊசியே மாத்தி மாட்டியிருக்கே. கண்ணு போச்சு உனக்கு. வயசாகுதில்ல?”

“சனிக்கிழமை வரைக்கும் நல்லா ஓடிச்சுங்க.”

“எல்லாம் ஓடற வரைக்கும் நல்லாத்தான் ஓடும்.”

மாமியார் மூலையில் உட்கார்ந்து பயறு புடைத்துக்கொண்டிருந்தார். எதற்கும் ஒரு வார்த்தை சொல்லாமல் விடமாட்டார். அன்றைக்கு முறத்தை விட்டுத் தலை நிமிரவில்லை. பாவம், மருமகளுக்காக வருத்தப்படுகிறார் என்று டெய்லரம்மா நினைத்துக்கொண்டாள்.

நர்சிங் ஹோம் நர்சுகளுக்கான வெள்ளைக் கோட்டுகள் வெட்டிய துணியாக மூட்டை கட்டிக் கிடந்தன. வாரக் கடைசிக்குள் கொடுக்காவிட்டால் மூட்டையோடு வேறு டெய்லருக்குப் போய்விடும். ஆனால் அவளைத் தூங்கவிடாதது அது இல்லை. கை தப்பு செய்துவிட்டது, கைக்கே தெரியவில்லை. இனி இந்தக் கையை நம்பி எப்படிக் கத்தரியைப் பிடிப்பது? அன்று மாலையே கண்ணாடிக் கடைக்குப் போனாள். “பெரிசா ஒண்ணும் இல்லம்மா” என்று சொல்லிக்கொண்டே கடைக்காரர் ஒரு கண்ணாடியைத் தலையில் கட்டினார். அதைப் போட்டால் தரை மேலே எழும்பி வந்தது. தலைவலிதான் மிச்சம். ஆனாலும் கழற்றாமல் போட்டுக்கொண்டு திரிந்தாள்.

கணவரோ திடீரென்று கர்ணனாகிவிட்டார். “இந்தப் பழசைக் கட்டிக்கிட்டு ஏன் அழறே? மோட்டார் வெச்ச மெஷின் வாங்கிடலாம். நானே வாங்கித் தர்றேன்” என்றார். சமையலறை பல்பு ஃப்யூஸ் ஆனால் ஒரு வாரம் முணுமுணுக்கிற மனிதர்! அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பின்னால் அதை நினைத்தபோதுதான் அவளுக்கு எல்லாவற்றையும் விட அதிகமாக வயிறு எரிந்தது.

பழைய இரும்புக்காரரிடமும் அவரே பேசிவிட்டார். வியாழன் காலை வந்து தூக்கிப்போவதாக ஏற்பாடு. கல்யாணத்துக்கு முன்பு கார்மென்ட்ஸ் கம்பெனியில் காலர் தைத்துத் தைத்துச் சேர்த்து அவள் வாங்கிய மெஷின் அது. புருஷன் வீட்டுக்கு அவள் கொண்டுவந்த ஒரே சொந்தப் பொருள். போகிறதுதான் போகிறது, ஒரு தடவை திறந்து பார்த்துவிடலாம் என்று கிரீஸை வரச்சொன்னாள். தெருத் தெருவாகப் பையோடு போய் மெஷின் ரிப்பேர் செய்கிறவரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

“அவன் வந்து என்னத்தைக் கிழிக்கப்போறான்?” என்று கணவர் எரிந்து விழுந்தார். இரும்புக்காரருக்காக வாசலில் வேனைத் துடைத்தபடி காத்திருந்தார்.

கிரீஸ் மெஷினின் தலையைச் சாய்த்து, அடிநூலைச் சுற்றிக் கோக்கும் ஷட்டிலைக் கழற்றி, இடுக்கியை விட்டுக் குடைந்தார். உடைந்த ஊசி நுனி ஒன்று வந்தது. பின்னாலேயே கறுப்பு நூல் ஒரு முழம் வந்தது.

“ஏங்க்கா, பை கிய் தைக்க ஆரம்பிச்சிட்டீங்களா?”

“எந்தப் பை? வெள்ளை நூலைத் தவிர நான் வேற எதையும் தொட்டே மாசக்கணக்காச்சு.”

“இது தடிச்ச ஊசிக்கா. நூலும் தடிச்சது. ஊசி உடைஞ்சு சிக்கினதும் யாரோ சக்கரத்தைப் பிடிச்சு மல்லுக்கட்டியிருக்காங்க. அதான் ஷட்டில் விண்டுபோச்சு.”

டெய்லரம்மா கண்ணாடியைக் கழற்றினாள். ஜன்னலுக்கு வெளியே வேனின் கதவு திறந்திருந்தது. டிரைவர் சீட்டில் புது ரெக்சின் உறை பளபளத்தது. ஞாயிற்றுக்கிழமை அவளே அதைத் தடவிப் பார்த்து, “எங்கே தைச்சீங்க?” என்று கேட்டிருந்தாள். “கடையில” என்றார். தையல் கோணல்மாணலாகப் போயிருந்தது. கடைக்காரன் என் வீட்டுக்காரரை நன்றாக ஏமாற்றிவிட்டான் என்று அந்தக் கடைக்காரனை மனசுக்குள் திட்டக்கூடச் செய்தாள்.

கறுப்பு நூல்.

சனிக்கிழமை மதியம் அவள் அளவெடுக்க நர்சிங் ஹோமுக்குப் போயிருந்தாள். வீட்டில் மாமியாரும் அவர் பிள்ளையும்தான் இருந்தார்கள்.

“அத்தே” என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. “உங்களுக்குத் தெரியுமா?”

மாமியார் முறத்தைக் கீழே வைத்தார். “நான் என்னத்தைக் கண்டேன்? ஒரு முனையைப் பிடிம்மான்னான், பிடிச்சேன். வேணாம்டான்னுதான் சொன்னேன்.”

“கண்ணு போச்சுன்னு நான் அழுதேனே, அப்பவும் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?”

“வீட்டுல எதுக்குச் சண்டைன்னு...”

டெய்லரம்மா கண்ணாடியோடு வாசலுக்குப் போனாள். உடம்பு முழுக்கப் பற்றி எரிந்தது. தெருவில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். நிற்கட்டும் என்று விட்டாள்.

“ரெக்சினை என் மெஷின்ல தைச்சீங்களா?”

அவர் துணியை உதறினார். “கத்தாதே. ஒரு சின்ன விஷயத்துக்கு...”

“எது சின்ன விஷயம்? உடைஞ்சதைக் கேக்கலை நான். உடைஞ்சா உடைஞ்சுதுன்னு சொல்றதுக்கு வாய் இல்லையா? எண்ணெய் விடலைன்னீங்க. வயசாகுதுன்னீங்க. என் கையையே நான் சந்தேகப்பட்டுக்கிட்டு, தூங்காம கொள்ளாம... இந்தா, இந்தக் கண்ணாடியை நீ போட்டுக்கோ! உனக்குத்தான் வேணும்!”

கண்ணாடி வேன் சீட்டில் போய் விழுந்தது. தெருவில் நின்றவர்கள் நடையைக் கட்டினார்கள்.

“அதான் புதுசு வாங்கித் தர்றேன்னேன்ல?” என்றார் அவர், பின்னாலேயே உள்ளே வந்து. குரல் இறங்கியிருந்தது.

“எனக்கா வாங்கித் தர்றேன்னீங்க? உள்ள கிடந்த நூலு இரும்புக்கடைக்குப் போகணும், அதுக்குத்தானே?”

கிரீஸ் தர்மசங்கடத்தோடு தொண்டையைச் செருமினார். “சார், சரி பண்ணவா, இல்ல புதுசு வாங்கறீங்களா?”

“யாரைக் கேக்கறீங்க?” டெய்லரம்மா அவர் பக்கம் திரும்பினாள். கிரீஸும் தப்பிக்கவில்லை. “மிதிக்கிறது யாரு? மெஷின் யாருது? இங்க என்னைத் தவிர எல்லாரையும் கேப்பீங்களா?”

“தப்புதான்க்கா. உங்களைத்தான் கேக்கறேன்.”

“ஷட்டிலை மாத்துங்க. இந்த மெஷின் இந்த இடத்தை விட்டு நகராது. இரும்புக்காரரு வந்தா வெறுங்கையோட போகட்டும்.”

கிரீஸ் பையிலிருந்து வேறு ஷட்டிலை எடுத்துப் பொருத்தினார். அதுவரை அவள் உட்காரவில்லை. இரும்புக்காரர் வாசல் வரை வந்து, அவள் நின்ற கோலத்தைப் பார்த்துவிட்டுத் தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். எண்ணெய் விட்டு, பெல்ட்டை மாட்டிவிட்டு, “புது ஊசி ஒண்ணு குடுங்கக்கா” என்றார் கிரீஸ்.

அவள் டப்பாவிலிருந்து ஒரு ஊசியை எடுத்தாள். கிரீஸ் நீட்டிய கையைத் தாண்டிப் போய்க் கணவரிடம் கொடுத்தாள்.

“மாட்டுங்க.”

“விளையாடறியா?”

“அன்னைக்கு மாட்டினீங்கல்ல? அதே கைதானே? மாட்டுங்க. நான் பாக்கணும்.”

அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா முறத்தைப் பார்த்தார். கிரீஸ் பையின் ஜிப்போடு மும்முரமாகிவிட்டார். வேறு வழியில்லாமல் அவர் மெஷின் முன் குனிந்தார். வேன் எஞ்சினையே பிரித்துப் போடுகிற விரல்கள் அந்தச் சின்ன ஊசியைப் பிடிக்கத் தடுமாறின. ஒரு பக்கமாக வைத்தார். அவள் முகத்தைப் பார்த்தார். வெளியே எடுத்து, திருப்பி வைத்தார். மறுபடியும் பார்த்தார். அந்த முகத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை.

கடைசியில் மெல்லக் கேட்டார்: “எந்தப் பக்கம்?”

இந்த மெஷின் விஷயத்தில் அவர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். சனிக்கிழமை கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அப்போதும் கேட்கவில்லை, உடைந்த பிறகும் கேட்கவில்லை, வாங்கலாமா விற்கலாமா என்றுகூடக் கேட்கவில்லை. அவளுக்குக் கோபம் குறையவில்லை. இன்னும் ஏறியது.

அவர் விரலிலிருந்து ஊசியை வாங்கினாள். பார்க்காமலே கட்டை விரலால் ஒரு தடவு தடவி மாட்டி, திருகை முறுக்கினாள். அவரை நகரச் சொல்லிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முதல் கோட்டின் தோள்பட்டையை ஊசிக்கடியில் வைத்து மிதித்தாள். தையல் நேராக ஓடியது.

அவர் பதிலுக்காகப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அவள் அடுத்த கோட்டை எடுத்தாள்.