நூற்றைம்பது மீட்டர்

தெருமுனைப் பேருந்து நிறுத்தத்தில் ஒரு கால அட்டவணைப் பலகை உண்டு. அதன் கடைசி வரியை மூன்றாம் மாடி பால்கனியிலிருந்து படிக்க முடிந்தால் அந்த லென்ஸ் தேறியது. ஏழு வருடமாக அவள் வைக்கும் பரீட்சை இதுதான். கேமரா பத்திரிகை ஒன்றில் மாதாமாதம் லென்ஸ்களை ஒப்பிட்டு எழுதுகிறாள். முக்காலி நகரக் கூடாது, உயரம் மாறக் கூடாது, வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். ஏறிவிட்டால் தார்ச்சூட்டில் எழுத்துகள் புழுவாய் நெளியும். அப்புறம் எந்த லென்ஸும் ஒன்றுதான். பலகை வரை நூற்றைம்பது மீட்டர். ஒருநாள் கணவனை இழுத்துக்கொண்டு போய் நாடா பிடித்தே அளந்துவிட்டாள். "வீட்டுக்கு ஒரு பைத்தியம்னா பரவால்ல, நமக்கு ஜோடியா வாய்ச்சிருக்கு," என்றான் அவன், நாடாவைச் சுருட்டிக்கொண்டே.

இந்த மாதம் இரண்டு லென்ஸ்கள், இரண்டும் ஒரே தூரத்துக்கு எட்டிப் பார்ப்பவை. ஒன்று கைப்பைக்குள் அடங்கிவிடும். மற்றது வாயகன்றது, கைக்குழந்தை கனம், நான்கு நாள் இரவல்.

"இந்தக் குண்டுல அப்படி என்ன கூடுதலாத் தெரியும்?" என்றான் கணவன்.

"குறைச்சலாத் தெரியும். எதைப் பாக்கறமோ அது மட்டும் தெளிவா இருக்கும், முன்னாடி பின்னாடி இருக்கறதெல்லாம் கலங்கிடும்."

"குறைச்சலாத் தெரியறதுக்கா இவ்வளவு வெல?"

அவள் சின்ன லென்ஸை மாட்டி முதல் படம் எடுத்தாள். கேமராவின் பின்திரையில் பெரிதாக்கினாள். கடைசி வரி தேறியது. அதற்குப் பக்கத்தில் இரண்டு தலைகள். ஒன்று, லிஃப்ட் பழுது பார்க்கும் வேலைக்குப் பஸ் ஏறக் காத்திருக்கும் அவளுடைய அண்ணன். அவன் தோளை ஒட்டி, மருந்துக்கடை வெள்ளைக் கோட்டோடு, தம்பி.

நாலு வருடமாக இருவருக்கும் பேச்சே இல்லை. தம்பியின் மாமனார் வீட்டார் நிறைந்த கூடத்தில் அண்ணன் "நீயெல்லாம் எங்க உருப்படப் போற" என்று சொன்னான்; தம்பி சாப்பாட்டிலிருந்து பாதியில் எழுந்தான். அன்றிலிருந்து அவளுக்குத் தூது வேலை. "அந்தாள்கிட்ட சொல்லிடு," "அவன்கிட்ட கேட்டுக்கோ." அம்மாவைப் பார்க்க ஒருவன் செவ்வாய் போவான், மற்றவன் சனி. இந்த மாதம் அம்மாவுக்கு மார்பில் ஏதோ அறுவை என்று தேதி குறித்திருக்கிறார்கள். "ரெண்டும் ஒண்ணா வந்து நின்னாத்தான் நான் ஆஸ்பத்திரிக்குள்ள கால வைப்பேன்," என்று அம்மா பிடித்த பிடியில் நின்றாள்.

யோசிக்கவே இல்லை, போன் போட்டுவிட்டாள்.

"அம்மா, உன் புள்ளைங்க ரெண்டு பேரும் பஸ் ஸ்டாப்புல ஒண்ணா நிக்கிறானுங்க!"

குழாயை மூடும் சத்தம் கேட்டது. "யாருடி சொன்னா?"

"யாரு சொல்லணும், போட்டோவே எடுத்துட்டேன். தோளோட தோள் ஒட்டிக்கிட்டு!"

"இப்பவுமா?"

"இப்பவுந்தான்."

"நீ வை போனை," என்றாள் அம்மா. குரல் உடைந்திருந்தது.

சிரித்துக்கொண்டே பெரிய லென்ஸை மாட்டினாள். அதே முக்காலி, அதே உயரம். கண்ணை வைத்து, வளையத்தைத் திருகிப் பலகையைத் தெளிவாக்கினாள். அண்ணனின் இரண்டு நாள் தாடிகூட எண்ணிவிடலாம்போல் இருந்தது. தோளருகே தம்பி இருந்த இடத்தில், நனைந்த சோப்புபோல் வெள்ளையாக ஒரு கலங்கல்.

வளையத்தை லேசாகத் திருகினாள். தம்பி தெளிந்தான், அண்ணன் கலங்கினான். மறுபடி திருகினாள். அண்ணன். தம்பி. அண்ணன். ஒரே சமயத்தில் இருவரும் தெளியவே மாட்டேன் என்றார்கள்.

தம்பி நிறுத்தத்திலேயே இல்லை. போன வாரம்தான் சேர்ந்த மருந்துக்கடை வாசலில், அண்ணனுக்கு இருபத்தைந்து மீட்டர் பின்னால் நிற்கிறான். அண்ணனுக்கு அவன் அங்கே இருப்பதே தெரியாது. தூரத்து லென்ஸ் இடைவெளியை விழுங்கிவிடும், ஏமாறாதீர்கள் என்று மாதம் தவறாமல் எழுதுகிறவள் அவள்.

"ஊருக்கெல்லாம் குறி சொல்ற பல்லி," என்று, அவள் சொன்னதைக் கேட்டு ஆரம்பித்த கணவன், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

அம்மாவைக் கூப்பிட்டாள். வேறொரு அழைப்பில் இருப்பதாக வந்தது. லென்ஸில் அண்ணன் போனைக் காதில் வைத்திருந்தான்.

"போச்சு. தம்பி பக்கத்துலதான நிக்கிறான், அவன்கிட்ட குடுன்னு சொல்லியிருப்பா."

"இல்லன்னு சொல்லிடப் போறாரு. விடு."

"அம்மாவா விடுவா?"

அண்ணன் போனைக் காதிலிருந்து எடுத்து வெறித்தான். இடப்பக்கம் பார்த்தான், வலப்பக்கம் பார்த்தான். பிறகு மெல்லத் திரும்பினான். அதற்குமேல் அவன் பிடரிதான் தெரிந்தது. அது அசையவில்லை.

பஸ் வந்து சட்டகம் முழுவதையும் மறைத்தது. பஸ் போனபோது அண்ணன் ஏறாமல் அங்கேயே நின்றிருந்தான். அவன் வலது கை முன்னால் நீண்டிருந்தது. விரல் நுனிகளில் போன்.

"தம்பி வர்றானா? என்னடி ஆச்சு?" என்றான் கணவன்.

"பேசாம இரு."

அவள் விரல் வளையத்திலிருந்து விலகியது; அண்ணன் நிற்கும் தூரத்திலேயே தெளிவு நின்றது. அண்ணனின் கைக்கு அப்பால் அந்த வெள்ளைக் கலங்கல் கொஞ்சம் பெரிதானதுபோல் இருந்தது. அதில் முதலில் ஒரு விளிம்பு பிறந்தது, வெள்ளைக் கோட்டின் கழுத்துப்பட்டை. பிறகு பையில் செருகிய பேனா. பிறகு, மங்கலாக, ஒரு காது.