லாக்கப்பில் உட்கார்ந்த ஜாமீன்

கொடைக்கானல் கோர்ட்டில் நான் பெயர் கூப்பிடும் டவாலியாக இருந்த காலத்தில், ஒருநாள் மஞ்சு, அதாவது மூடுபனி, ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. எதிரே நிற்பது யாரென்று தெரியாமல் மாஜிஸ்திரேட் ஐயா, கோட்டு மாட்டும் மரக்கம்பத்தை எச்சரித்து விடுதலை செய்தார். அந்தக் கம்பம் அதற்குப் பிறகு ஒரு தப்பும் செய்யவில்லை. இதைச் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். அப்படிச் சிரிக்க இடமில்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. ஜாமீன் என்ற சொல்லைப் பற்றியது. அதை எழுதுகிறேன்.

வெள்ளைக்காரன் காலம். மேற்கே கவுஞ்சி கிராமத்துப் பழனிமுத்து, பொதிகாளையில் உருளைக்கிழங்கு ஏற்றிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு வந்தார். அவர் டீ குடிக்கிற நேரத்தில் காளை ஒரு துரை பங்களாவுக்குள் புகுந்து முட்டைக்கோஸ் பாத்தியைக் காலி செய்துவிட்டது. துரையின் ஆட்கள் அதைக் கொண்டுபோய் மாட்டுப்பட்டியில் அடைத்தார்கள். பழனிமுத்து பட்டிக் கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டுக் காளையை ஓட்டிக்கொண்டு கிளம்பினார். நாயுடுபுரம் தாண்டுவதற்குள் பிடித்துவிட்டார்கள்.

"கதவை ஏன் கழட்டினே?" என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

"பூட்டின கதவைத் தொறந்தா குத்தம்னு சொன்னாங்க எஜமான். அதான் தொறக்கல."

மாஜிஸ்திரேட் சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். பிறகு வழக்கை அடுத்த வெள்ளிக்குத் தள்ளிவைத்தார்.

பழனிமுத்துவின் முகம் செத்துப்போனது. ஊரில் பூண்டு முற்றி நிற்கிறது. மழை இறங்கினால் மண்ணுக்குள்ளேயே அழுகும். அந்தப் பூண்டுதான் வருஷத்துச் சாப்பாடு. வீட்டில் மனைவி பிச்சையம்மாள் ஒருத்திதான்.

"ஜாமீன் இருந்தா இப்பவே போகலாம்" என்றார் மாஜிஸ்திரேட்.

"நான் இருக்கேனுங்க" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. பிச்சையம்மாளின் அண்ணன் மலைச்சாமி. அவர் எழுந்தபோது கோர்ட்டில் வெளிச்சம் குறைந்தது. அவ்வளவு பெரிய ஆள். காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்தார். பழனிமுத்து காளையைப் பிடித்துக்கொண்டு ஓடினார். மலைச்சாமி நேராக லாக்கப்புக்குப் போய் உள்ளே உட்கார்ந்துகொண்டார்.

ஏட்டு குருநாதன் பதறிப்போனார். "யோவ், வெளிய வாய்யா! ஒன் மேல என்ன கேஸு?"

"கேஸு ஒண்ணுமில்லீங்க. நான் ஜாமீனு."

கவுஞ்சியில் அது அப்படித்தானாம். ஊர்க்கூட்டத்தில் ஒருத்தன் மேல் பிராது வந்தால், கோயில் முன்னால் கோடு கிழித்து அதற்குள் உட்கார வைப்பார்கள். அவனுக்கு அவசரச் சோலி இருந்தால் மச்சினனோ பங்காளியோ கோட்டுக்குள் உட்காரலாம். போனவன் திரும்பி வந்து உள்ளே கால் வைத்தால்தான் இருப்பவன் எழுந்திரிக்கலாம். முன்னாலேயே எழுந்துவிட்டால் இரண்டு பேருக்கும் ஊரில் தண்ணீர்கூடக் கிடைக்காது.

"இது கோயில் இல்லய்யா, லாக்கப்பு!"

"இங்கயும் கோடு போட்டுத்தானே வச்சிருக்கீங்க? கம்பியில போட்டிருக்கீங்க. அம்புட்டுத்தான்."

இழுத்துப் பார்த்தார்கள். லாக்கப்தான் கொஞ்சம் நகர்ந்தது. இன்ஸ்பெக்டர் எந்த நேரமும் சோதனைக்கு வரலாம். கேஸே இல்லாத ஆளை உள்ளே வைத்திருப்பதாகத் தெரிந்தால் ஏட்டின் தொப்பி போய்விடும். அது போதாதென்று சாப்பாடு வேறு. இரண்டு கைதிக்கு வருகிற களியை மலைச்சாமி வாய் கொப்பளிப்பதற்கு முன்பே முடித்துவிடுவார்.

கடைசியில் பஜாரில் பூண்டு மண்டி வைத்திருந்த கிபாயத்துல்லா பாயை ஏட்டு கூட்டி வந்தார். மலைக்காரர்கள் அவர் சொன்னால் கேட்பார்கள் என்று நம்பிக்கை.

பாய் கம்பிக்கு வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்தார். "மலைச்சாமிண்ணே, ஜாமீன் எங்க ஓதுற பாஷையில இருந்து வந்த வார்த்தை. அரபியில 'ளாமின்'னு சொல்லுவோம். அந்தக் காலத்து நவாபு கோர்ட்டு கச்சேரிக்காரங்க வாயில ஜாமீன் ஆயிருச்சு."

"அதுக்கு என்னங்க பாய் அர்த்தம்?"

"பொறுப்பு ஏத்துக்கிட்டவன்னு அர்த்தம்."

"காகிதமா, ஆளா?"

பாய் தாடியைத் தடவினார். பொய் சொல்ல அவருக்கு வராது. "ஆளுதான்" என்றார்.

"கேட்டுக்கிட்டீங்களா ஏட்டையா? ஆளுதானாம்!" மலைச்சாமி காலை நீட்டி வசதியாகச் சாய்ந்துகொண்டார்.

"பாய், ஒங்கள எதுக்குக் கூட்டியாந்தேன்?" என்றார் ஏட்டு, அழுகிற குரலில்.

"நீங்க அர்த்தம் சொல்லச் சொன்னீங்க, சொல்லிட்டேன். வேற அர்த்தம் வேணும்னா வக்கீலைக் கூப்பிடுங்க."

வியாழக்கிழமை மத்தியானம் வட்டக்கானல் பக்கமிருந்து மழைக் கருக்கல் ஏறியது. பிறகு மழை. கொடைக்கானல் மழையைப் பார்க்காதவர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். அன்றைக்கு ஏரி கரையேறி வந்து பஜாரில் விலை விசாரித்துவிட்டுப் போனது. மலைச்சாமி முதல்முறையாகச் சாப்பாட்டைத் தள்ளி வைத்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு மேற்கே பார்த்தபடி நின்றார்.

"ஏட்டையா, பூண்டு வீட்டுக்கு வந்திருக்குமா, மண்ணுலயே கெடக்குமா?"

ஏட்டுக்கும் அன்றைக்குக் களி இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை. "கவுஞ்சிப் பழனிமுத்து!" என்று கூப்பிட்டேன். ஆள் இல்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன். இல்லை. மாஜிஸ்திரேட் பேனாவை எடுத்தார். அவர் எழுதிவிட்டால் வாரண்டு. மலைச்சாமி கதி அதோகதி. மூன்றாவது தடவை கூப்பிட வாயைத் திறந்தேன். உள்ளே பூண்டு வாசனை போனது.

ஆள் இன்னும் ஏரி முனையைக்கூடத் திரும்பவில்லை, வாசனை முந்திக்கொண்டு வந்துவிட்டது. மாஜிஸ்திரேட் மூக்கைத் துடைத்துக்கொண்டு பேனாவைக் கீழே வைத்தார். தொடை வரைக்கும் சேறோடு பழனிமுத்து வந்து நின்றார். பாதை இடிந்து கிடந்ததாம். காளை முன்னால் வெள்ளத்தில் நீந்த, வாலைப் பிடித்துக்கொண்டே வந்தாராம்.

"பூண்டு?" என்று கேட்டார் மாஜிஸ்திரேட். சட்டப்படி அது கேட்க வேண்டிய கேள்வி இல்லை.

"மழைக்கு முன்னாடியே புடுங்கிப் பரண்ல ஏத்தியாச்சு எஜமான். ஒரு பல்லு நனையல."

கோர்ட்டே மூச்சு விட்டது. துரை அதற்குள் சீமைக்குக் கப்பலேறிவிட்டதால் சாட்சி சொல்ல ஆள் இல்லை. மாஜிஸ்திரேட் எச்சரித்து விடுதலை செய்தார். கம்பத்துக்குச் சொன்ன அதே எச்சரிக்கை. ஒரு வார்த்தை மாறவில்லை.

ஏட்டு லாக்கப்புக்கு ஓடினார். "மலைச்சாமி, ஒம்மாப்ளைக்கு விடுதலை! கெளம்பு கெளம்பு, வெரசா!"

"அவரு வந்து உள்ள கால் வைக்கட்டுமுங்க."

"விடுதலையானவனை உள்ள விட எனக்கு அதிகாரம் இல்லய்யா!"

"அப்ப எனக்கும் எந்திரிக்க அதிகாரம் இல்லீங்க."

பழனிமுத்து வந்தார். "மச்சான், பூண்டு பரண்ல இருக்கு" என்றார். மலைச்சாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் எழுந்திரிக்கவில்லை. ஏட்டு இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார்.

"ஒரு காலு. ஒரே ஒரு காலு" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

பழனிமுத்து சேற்றுக் காலை எடுத்து உள்ளே வைத்தார். மலைச்சாமி எழுந்தார், சோம்பல் முறித்தார், வெளியே வந்தார். வெளியே வந்ததும் மாப்பிள்ளையைத் தூக்கிக் காளை மேல் உட்கார வைத்தார். சாயங்காலம் பாய் வீட்டில் எங்கள் எல்லோருக்கும் சாப்பாடு. ஏட்டு சாப்பிட்டதைப் பார்த்து மலைச்சாமியே அசந்துபோனார்.

அந்தச் சேற்றுக்கால் தடத்தை ஏட்டு கழுவவே விடவில்லை. இன்ஸ்பெக்டர் கேட்டதற்கு, "ஜாமீனைத் திருப்பிக் கொடுத்த ரசீதுங்க ஐயா" என்றாராம். இன்றைக்கும் அது அங்கே இருக்கிறது. யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். மஞ்சு இல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள்.