தோள் உயரத்தில் ஒரு கல்

1

விடிந்ததும் எழுகிறேன். பாயைச் சுருட்டி மூலையில் வைக்கிறேன். அடுப்புச் சாம்பலில் பல் துலக்குகிறேன். ராத்திரி மீந்த களியை மோரில் கரைத்துக் குடிக்கிறேன். கதவு நிலையில் ஒரு கரிக்கோடு இருக்கிறது. அதில் உரசாமல் உடம்பைச் சாய்த்து வெளியே வருகிறேன்.

இது கதையின் தொடக்கம் அல்ல, என் காலை. கதை வந்த இடம் வேறு. பொறியியல் பட்டத்துக்காக நான் எழுதிய ஆய்வறிக்கையில் இடம் கிடைக்காதவற்றிலிருந்து வந்தது. அறிக்கையில் ஆட்களின் பெயர் வரக்கூடாது என்றார் பேராசிரியர். அதனால் என் மனைவி அம்சவேணி அதில் "சுமப்பவர் அ" ஆனாள். தலையில் மூட்டையோடு பக்கம் பக்கமாக நடக்கிறாள். ஓரிடத்திலும் பேசவில்லை.

அவள் பேசாமல் நடந்ததே கிடையாது. அந்தப் பிழையைத் திருத்த இதை எழுதுகிறேன்.

2

முதல் வரைவு: "மஞ்சு தவழும் கொல்லிமலையின் சிகரங்களிடையே..."

[அடித்துவிட்டேன். இங்கே பிறந்தவன் இப்படிப் பேசமாட்டான்.]

இரண்டாம் வரைவு: "தந்தி ஹாஸ்டலுக்கு வந்தபோது நான்"

[இதை முடித்தால் அடுத்த வாக்கியத்தையும் எழுத வேண்டிவரும். அப்படியே கிடக்கட்டும்.]

மூன்றாவது நிற்கிறது: வளப்பூர் நாடு என்னும் எங்கள் ஊர்த்தொகுதியிலிருந்து சோளக்காட்டுச் சந்தைக்குப் போகும் வழியில் ஒரு பள்ளம் இருக்கிறது. மிளகு மூட்டையோடு அதில் இறங்கி மறுபக்கம் ஏற வேண்டும். சுமப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். பள்ளத்தின் அடியில் பழைய சுமைதாங்கி ஒன்று உண்டு.*

* பட்டணத்து வாசகருக்கு: நட்ட கல் இரண்டு, அவற்றின் மேல் கிடத்திய பலகைக்கல் ஒன்று. தலைச்சுமையைத் துணையின்றி இறக்கலாம், துணையின்றி ஏற்றலாம். வயிற்றுப் பிள்ளையோடு செத்த பெண்ணுக்காக நடுவது. அவள் இறக்காமல் போன சுமை, வழிப்போக்கர் தங்கள் சுமையை அங்கே இறக்க இறக்கக் குறையும் என்பார்கள். நான் இதை நம்பியதில்லை. நம்பாமலும் இருந்ததில்லை.

3

இங்கே கொஞ்சம் பாடம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் நான் படித்தது இயந்திரப் பொறியியல். கடைசி ஆண்டில் மட்டும் வேறு மாதிரி ஒரு பாடம் வந்தது. இயந்திரத்தை விட்டுவிட்டு, வேலை செய்யும் ஆளைப் பார்க்கச் சொன்னது. எங்கே குனிகிறான், எங்கே வீணாக நடக்கிறான், எதை மாற்றினால் அதே உடம்பு நோகாமல் அதே வேலையைச் செய்யும். மற்ற மாணவர்கள் ஆலைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். நான் என் மலையைத் தேர்ந்தெடுத்தேன். பள்ளத்தின் குறுக்கே கம்பி வடம், அதில் மூட்டை வைக்க இரண்டு தொட்டில்கள். ஏற்றும் கரை உயரம், இறக்கும் கரை தாழ்வு. பாரம் ஏறிய தொட்டில் தன் எடையால் இறங்கும்போது காலித் தொட்டிலை மேலே இழுத்துக்கொள்ளும். எண்ணெய் வேண்டாம், மாடு வேண்டாம். ஒரு நிபந்தனை: பேராசிரியர் நேரில் வந்து பார்க்கும்போது, ஊர்க்காரர்களே அதை ஓட்ட வேண்டும். ஓட்டாவிட்டால் பட்டம் இல்லை.

விடுமுறையில் கைக்கடிகாரத்தோடு அம்சவேணியின் பின்னால் நடந்தேன்.

"ஏனுங்க, பொண்டாட்டி பொறத்தாலயே கடியாரத்தப் புடிச்சுட்டு வாரதுக்குப் பேரு படிப்புங்களா?"

முன்னால் போன குப்பாயியக்கா மூட்டையோடு திரும்பாமலே சொன்னாள்: "உடு கண்ணு. உன்ற ஊட்டுக்காரருக்கு உன்னய உட்டுப் பிரிய மனசில்ல. அதுக்குன்னு ஒரு படிப்பு கண்டுபுடிச்சிருக்காரு."

[குப்பாயியை மிகைப்படுத்துகிறேனா? இல்லை. குறைத்திருக்கிறேன். மீதியை அச்சில் போட முடியாது.]

சுமைதாங்கியில் எல்லோரும் மூட்டையை இறக்கிவிட்டுப் பேச உட்கார்ந்தார்கள். நான் குறித்துக்கொண்டேன்: தவிர்க்கத்தக்க தாமதம்.

4

ஆடியில் நான் கல்லூரிக்குத் திரும்பினேன். ஐப்பசியில் மலைக்காய்ச்சல். அவள் வயிற்றில் பிள்ளை இருந்தது.

[இந்தப் பகுதி இவ்வளவுதான்.]

5

தை மாதம் வந்து வடத்தைக் கட்டினேன். யுத்த காலம், புது இரும்பு கிடைக்கவில்லை. சேலத்துப் பக்கம் மூடிக்கிடந்த ஒரு சுரங்கத்தின் பழைய வடம். நன்றாக ஓடியது. ஓட்டத்தான் ஆள் வரவில்லை. பெண்கள் என் கண் முன்னாலேயே மூட்டையோடு பள்ளத்தில் இறங்கினார்கள்.

குப்பாயியை நிறுத்திக் கேட்டேன்.

"அம்சாவுக்கு இன்னும் கல்லு நடல," என்றாள். "நீ கம்பி கட்டறே."

"நட்டுட்டா வருவீங்களா அக்கா?"

"எங்க நடுவே?"

"பழைய கல்லுக்குப் பக்கத்துல."

அவள் சிரிக்கவில்லை. "உன்ற தொட்டில் ஓடுனா அந்தப் பள்ளத்துல எவ சாமி எறங்குவா? ஒரு மூட்டையும் வெக்காத கல்லு அவளுக்கு எதுக்கு? கம்பி வேணுமா, கல்லு வேணுமா, நீயே சொல்லு."

வாசகரே, இங்கே நான் ஒரு வாரம் எழுதாமல் இருந்தேன். அப்போதும் ஒரு வாரம் ஒன்றும் செய்யாமல்தான் இருந்தேன். எழுந்தேன், சாம்பலில் பல் துலக்கினேன், களி கரைத்துக் குடித்தேன், சாய்ந்து வெளியே வந்தேன்.

எட்டாம் நாள் சாயவில்லை. கரிக்கோட்டின் முன்னால் நின்று பார்த்தேன். பிறகு ஒரு கயிற்றில் அதன் உயரத்தை அளந்து முடிச்சுப் போட்டுக்கொண்டு, கல்தச்சர் வேலப்பனிடம் போனேன்.

6

வரைபடத்தில், தொட்டில் வந்து நிற்கும் கரையில் ஒரு மரமேடை போட்டிருந்தேன். அதை அடித்துவிட்டுக் கல் என்று எழுதினேன். வளப்பூரிலிருந்து வரும் ஒவ்வொரு மூட்டையும் அந்தக் கல்லில் இறங்கும். அங்கிருந்துதான் தலைக்கு ஏறும். ஒன்றும் தப்பாது.

"இந்த உசரம் பத்தாதே," என்றார் வேலப்பன், கயிற்றைப் பிடித்துப் பார்த்து. "வழக்கமா ஆம்பள தோளுக்குத்தான் வெப்போம்."

"இதே இருக்கட்டும்."

கல்லுக்கு மஞ்சள் பூசினார்கள். குப்பாயி ஒரு சுற்றுச் சுற்றி வந்து கையால் உயரம் பார்த்தாள். மூட்டை ஏற்றும் மேல்கரைக்கு ஏறிப் போனாள்.

7

பேராசிரியர் மாசியில் வந்தார். மலையேறி வந்ததில் மூச்சு வாங்கியது. கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்தார்.

மேல்கரையில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். சந்தை நாள், ஒருத்திகூடப் பள்ளத்துப் பாதையில் இறங்கவில்லை. முதல் மூட்டை குப்பாயியுடையது. தொட்டிலைத் தடுத்து நிறுத்தியிருந்த கட்டையை அவளே விடுவித்தாள். தொட்டில் பள்ளத்தின் மேல் போயிற்று. காலித் தொட்டில் எதிரே வந்தது. நடுவில் ஒன்றை ஒன்று தாண்டியபோது மலையே கூவியது. நானும் கூவினேனாம். எனக்குத் தெரியாது, பிறகு சொன்னார்கள்.

மூட்டை கல்லில் இறங்கியது. குப்பாயி வெறுங்கையோடு, சுமையோடு போக முடியாத சுற்றுவழியாக வந்து சேர்ந்தாள். கல்லை ஒரு தட்டுத் தட்டினாள். "எறக்கி வெச்சுட்டேன் கண்ணு," என்றாள், கல்லிடம். பிறகு சும்மாட்டை வைத்துத் தலையைச் சாய்த்து, யார் கையும் படாமல், மூட்டையை ஏற்றிக்கொண்டாள்.

"அடுத்தது!" என்று மேலே பார்த்துக் கத்தினாள். "வாத்தியாரு திரும்பி நடக்கமாட்டாராட்டம் இருக்குது. அவரையும் தொட்டில்ல கட்டி உட்டுறலாமுங்களா?"

பேராசிரியர்தான் முதலில் சிரித்தார். அன்று சந்தை முடியும்வரை தொட்டில் நிற்கவில்லை. எனக்கு முதல் வகுப்பு.

8

முடிவுகள் கைவசம் உள்ளன.

(அ) வடத்தைப் பார்க்கக் கலெக்டர் வருகிறார். [வரவில்லை.]

(ஆ) அம்சவேணி கனவில் வந்து "பாரம் எறங்கிருச்சுங்க" என்கிறாள். [என் கனவில் யாரும் வருவதில்லை.]

(இ) பேராசிரியர் கல்லை அளந்துவிட்டுக் கேட்கிறார்: "ஏம்ப்பா, இந்த உயரத்தை எந்தப் புத்தகத்திலிருந்து எடுத்தே?"

இது நடந்தது. "சுமப்பவர் அ-விடமிருந்து எடுத்தேன் சார்," என்றேன். அவர் குறித்துக்கொண்டார். இதோடு முடிக்கலாம். விருப்பமானவர்கள் இங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். உங்கள் கதை முடிந்தது.

என்னுடையது ஆடி மாதத்தில் நிற்கிறது. நான் கல்லூரிக்குப் புறப்படும் காலை. அந்த மரமேடையின் உயரத்துக்காகக் கதவு நிலையில் சாய்ந்து நின்று, கரித்துண்டால் என் தோள் மட்டத்தில் கோடு போடப் போனேன். அம்சவேணி என்னைத் தள்ளிவிட்டு அவளே அங்கே நின்றாள். ஒரு கை வயிற்றில். நான் கோடு போட்டேன். பெட்டியை எடுத்தேன்.

அவள் சொன்னாள்:

"உங்க தோளுக்கு வெச்சுறாதீங்க. செமக்கறவ நானுங்க. எந்தோளுக்கு வெய்யுங்க."